வெளி வீதியில் ஒரு திருக்கோயில்

மதுரை மாநகரில் மீனாட்சியம்மன் திருக்கோயிலினின்று புறப்பட்டுக் கிழக்கு நோக்கி நடப்பவர், ஒன்றன்பின் ஒன்றாகச் சில வீதிகளைக் கடக்க வேண்டும். கோயில் மதிலுக்கு உள்ளேயே ஆடி வீதி இருக்கிறது. மதிலைத் தாண்டினால் சித்திரை வீதி. அதற்கப்பால் ஆவணி மூல வீதி. பின்னர் மாசி வீதி. ஒவ்வொன்றும் ஒரு திங்களின் பெயரைத் தாங்கி நிற்பது. அந்தந்தத் திங்களில் நிகழும் திருவிழாவையொட்டி இப்பெயர்கள் அமைந்தன. மாசி வீதியைக் கடந்ததும் திங்களின் பெயர்கள் நின்றுவிடுகின்றன. அடுத்து வருவது மாரட் வீதி. அதற்கும் அப்பால் வெளி வீதி. மாரட் என்பது ஓர் ஆங்கில அலுவலரின் பெயர். வெளி என்பதோ எவருடைய பெயருமன்று; எத்திருவிழாவின் பெயருமன்று. எதற்கு வெளி? இவ்வினாவைக் கேட்டுக்கொண்டு கீழவெளி வீதியில் தெற்கு நோக்கிச் சற்று நடந்தால், வெண்ணிறமான இரட்டைக் கோபுரங்களோடு ஒரு பெருங்கோயில் தோன்றும். புனித மரியன்னை பேராலயம் என்றும், வியாகுல அன்னை ஆலயம் என்றும் அதனை வழங்குவர். அக்கோயிலின் வரலாற்றைச் சொல்வதற்கு, அது நிற்கும் வீதியின் வரலாற்றை முதலிற் சொல்லியாக வேண்டும்.

மதுரை நெடுங்காலம் கோட்டைக்குள் அடங்கிய நகராயிருந்தது. பாண்டியர் காலத்துக் கோட்டை பழையது. பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் அதனினும் பெரிதாகப் புதிய கோட்டை எடுத்தார் என்பர். எழுபத்திரண்டு கொத்தளங்கள் அக்கோட்டைக்கு உண்டென்றும், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாளையக்காரர் காத்துவந்தார் என்றும் சொல்வது வழக்கு. கோட்டையைச் சுற்றி அகழி. அகழிக்கு அப்பால் வெட்டவெளி. பகைவர் மறைந்து வருவதற்கு இடங்கொடாதபடி வீடும் மரமுமின்றி வைக்கப்பட்ட நிலம் அது. 1763ஆம் ஆண்டிலும் 1764ஆம் ஆண்டிலும் யூசுப்கான் இக்கோட்டைக்குள் இருந்தே ஆர்க்காட்டு நவாபையும் ஆங்கிலேயரையும் எதிர்த்து நின்றான். உடனிருந்தோரே காட்டிக்கொடுக்க, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டான். கோட்டை கோட்டையாக நின்று போர்செய்த கடைசிப் பெருநிகழ்ச்சி அதுவே எனலாம்.

1801இல் தென்னாட்டின் ஆட்சி முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. பாளையங்கள் அடங்கின, போர் ஓய்ந்தது. போர் ஓய்ந்தபின் மதில் என்ன செய்யும்? காற்றைத் தடுக்கும். அகழி என்ன செய்யும்? நீரைத் தேக்கி நாறும். 1809 முதல் 1811 வரை மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. நெருக்கமான நகரத்தில் வாழ்ந்தோர் அதனை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள்.

1834 முதல் 1847 வரை மதுரை மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்தவர் பிளாக்பர்ன் துரை. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கும் வேலையை அவர் கையிலெடுத்தார். இதற்கு அவர் கண்ட வழி வியக்கத்தக்கது. அரசாங்கப் பணத்தை அள்ளிக் கொட்டவில்லை. அகழியில் ஒரு பகுதியைத் தூர்த்துச் சமன் செய்பவருக்கு, அங்கே வீடு கட்ட மனை கிடைக்கும் என்று அறிவித்தார். மக்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். இடித்த மதிலின் கல்லும் மண்ணும் பக்கத்து அகழிக்குள் போயின. மேற்பார்வையிட்டவர் நிலஅளவைத் துறையைச் சார்ந்த மாரட் என்பவர். அவருக்குக் கீழிருந்து வேலை வாங்கியவர் பெருமாள் மேஸ்திரி. மதிலும் அகழியும் இருந்த இடத்தில் உண்டான வீதிகளுக்கு இவ்விருவர் பெயரும் இடப்பட்டன. ஒரு மேஸ்திரியின் பெயரை நகர வீதிகளுக்கு இட்ட ஊர் வேறெங்கேனும் உண்டோ, அறியேன். கோட்டைக்குப் புறத்தே வெட்டவெளியாய்க் கிடந்த நிலத்தில் அமைந்தவையே வெளி வீதிகள். பிளாக்பர்ன் துரையின் நினைவாக மக்கள் நிறுத்திய விளக்குத் தூண் மாசி வீதியின் தென்கிழக்கு மூலையில் இன்றும் இருக்கிறது. விளக்கை மறந்தும் பெயரை மறவாத மதுரை மக்கள், அந்தப் பகுதி முழுவதையுமே ‘விளக்குத்தூண்’ என்று வழங்குகின்றனர்.

மதில் இடிந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில், கார்னியே என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் இவ்வெளி நிலத்தில் ஒரு சிறு கோயிலை எழுப்பி அதனை வியாகுல மாதாவுக்கு உரியதாக்கினார். இன்றைய பேராலயத்தின் தொடக்கம் அதுதான். அவர் சேசு சபையைச் சார்ந்தவர். 1837ஆம் ஆண்டில் பிரான்சிலிருந்து பெர்த்திரான், மார்த்தேன், து ரான்கே என்னும் மூவரோடு புதுச்சேரிக்கு வந்து, அங்கிருந்து உள்நாட்டுக்குப் புறப்பட்டவர். 1843இல் திருச்சிராப்பள்ளியில் மறைந்தார். தமிழ்நாட்டில் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ ஆறே ஆண்டுகள்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். கிறிஸ்தவ சமய வரலாற்றில் ‘மதுரை மிஷன்’ என்பது மிகப் பழைய பெயர். பதினேழாம் நூற்றாண்டிலேயே உரோமாபுரியில் அப்பெயரை அறிந்திருந்தார்கள். அப்படியிருக்க, மதுரை மாநகரில் 1840இல் புதிதாகச் சிறு கோயில் கட்டவேண்டி வந்ததேன்? இதற்கு விடை காண நாம் இருநூற்று முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1595ஆம் ஆண்டளவில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வணிகத்தின் பொருட்டு மதுரையில் வந்து தங்கிய பரதவர்கள் முன்னரே கிறிஸ்தவர்கள். அவர்களுக்காக அவர் ஒரு கோயில் கட்டினார். சிறு பள்ளிக்கூடமும் மருந்தகமும் நடத்தினார். நல்ல மனிதர், உழைப்பாளி. ஆனால் பத்தாண்டுகள் கடந்தும் நகரத்தார் எவரும் அவருடைய சமயத்தை நாடவில்லை. காரணம் வெளிப்படையானது. இறைச்சியுண்டு மதுவருந்தும் போர்த்துக்கீசியரை மக்கள் ‘பறங்கிகள்’ என்று அழைத்தனர். கிறிஸ்தவராவது என்றால் பறங்கிக் குலத்தில் சேர்வது என்றே பொருள்கொண்டனர். அதைவிடத் துன்பமானது யாதெனில், பாதிரிமாரே அக்காலத்தில் அச்சொல்லின் இழிவை உணராமல், ‘பறங்கிக் குலத்திற் சேர விருப்பமா?’ என்று கேட்டு வந்தனராம். ஒரு சொல்லால் ஒரு வாயில் அடைபட்டுக் கிடந்தது.

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி இதனைக் கண்டுகொண்டார். அவர் போர்த்துக்கீசியர் அல்லர்; உரோமாபுரியைச் சார்ந்த உயர்குடியினர். காவி உடுத்தார், புலால் நீக்கினார், உரோமாபுரிச் சந்நியாசி என்று தம்மைக் கூறிக்கொண்டார். தமிழும் வடமொழியும் தெலுங்கும் கற்றார். சிவதருமர் என்னும் அறிஞர் அவருக்கு வடமொழி ஆசிரியர். மக்கள் அவரைத் தத்துவ போதகர் என்றனர். தாம் பறங்கியல்லர் என்பதை ஓலையில் எழுதித் தம் வீட்டு வாயிலில் தொங்கவிட்டார் என்பது அவருடைய வரலாற்றிற் காணும் செய்தி.

நொபிலியிடம் தமிழ் மொழி பட்ட கடன் ஒருபுறம்; தமிழ் மொழி நொபிலிக்குப் பட்ட கடன் மற்றொருபுறம். ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலான அவருடைய நூல்கள் உரைநடையில் ஆனவை. தத்துவத்தை உரைநடையில் விரித்தெழுதும் வழக்கம் அருகியிருந்த காலத்தில் அவர் அதனைச் செய்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ போன்ற முந்தைய நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் அப்படியே புகுந்திருந்தன. நொபிலியோ கோவில், அருள், குரு, வேதம், பூசை, பிரசாதம் என நாட்டில் வழங்கிய சொற்களையே எடுத்தாண்டார். இன்றும் கீழவெளி வீதியில் ஒரு முதியவள் ‘கோவிலுக்குப் போய்ப் பூசை கண்டு வந்தேன்’ என்று சொன்னால், அவள் மீனாட்சி கோயிலைச் சொல்கிறாளா மாதா கோயிலைச் சொல்கிறாளா என்று அவள் கையிலுள்ள செபமாலையைப் பார்த்தே அறியவேண்டும்.

சொற்களைப் பற்றிப் பேசுகையில் இன்னுமொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இயேசு அறையுண்ட மரத்தை நாம் சிலுவை என்கிறோம். இது சிரியாக்கு மொழியினின்று வந்தது. மலைநாட்டுத் தோமையார் கிறிஸ்தவரின் தொடர்பால் நமக்குக் கிடைத்தது. சிற்றூர்களில் அதனையே குருசு என்பர். இது போர்த்துக்கீசியரின் ‘குருஸ்’. ஒரே பொருளுக்கு இரு சொற்கள். இரண்டும் இருவேறு கடல்வழி வந்தவை. நம் வீட்டு மேசையும் சாவியும் சன்னலும் அலமாரியும்கூட அந்தப் போர்த்துக்கீசியக் கப்பலிலேயே வந்தன என்பது மாணவர்கள் அறிந்ததே.

நொபிலியின் புகழைச் சொல்வார் பலர். அவர் கொடுத்த விலையைச் சொல்வார் சிலர். மதுரையின் உயர்குலத்தார் தம்மிடம் வரவேண்டுமென்று, அவர் பெர்னாண்டசின் கோயிலோடும் அங்கு வழிபட்ட பரதவரோடும் கலப்பதை வெளிப்படையாகத் தவிர்த்தார். தமக்கென வேறு கோயில் அமைத்தார். ஆகவே, ஒரே கோட்டைக்குள், ஒரே கடவுளுக்கு, ஒரே சபையாரால் கட்டப்பட்ட இரண்டு கோயில்கள். ஒன்றினுட் செல்பவர் மற்றொன்றினுட் செல்லார். பெர்னாண்டஸ் மனம் புண்பட்டு மேலிடத்திற்கு எழுதினார். கோவாவிலும் உரோமாபுரியிலும் ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு ஆகியவை சமயக் கொள்கையாயன்றிக் குல வழக்கமாய் மட்டும் கொள்ளப்படுமாயின் தடையில்லை என்பது அத்தீர்ப்பு. நொபிலி வென்றார் என்று இதனைச் சொல்வது வழக்கம். ஆனால் அதே ஆணையில் மற்றொரு பகுதியும் உண்டு. உயர்குடிப் பெருமை பாராட்டுவோர் எளியோரை இகழலாகாது, இறைவனுடைய இல்லத்தில் அவர்களோடு சேர்ந்தே திருமொழி கேட்கவேண்டும் என்று திருத்தந்தை இரந்து வேண்டுகிறார். முதற்பகுதி உடனே நிறைவேறிற்று. இரண்டாம் பகுதி நெடுநாள் ஏட்டிலேயே உறங்கிற்று. 1640இல் பல்தசார் த கோஸ்தா என்னும் பாதிரியாரைக் கொண்டு ‘பண்டாரசாமிகள்’ என்னும் புதிய வகுப்பார் ஏற்பட்டனர். இவர்கள் எல்லாக் குலத்தாரிடத்தும் செல்லக்கூடியவர்கள். இடர்ப்பாட்டைச் சபையார் உணர்ந்திருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. உணர்ந்தும் சுவரை எடுக்காமல், சுவரில் ஒரு சாளரம் வைத்தனர்.

நொபிலி முதுமையில் மதுரையை நீங்கி, யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்து 1656இல் மறைந்தார். அருளானந்தர் என்று தமிழர் அழைக்கும் ஜான் தெ பிரிட்டோ 1693இல் ஓரியூரில் உயிர் நீத்தார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தேம்பாவணியும் சதுரகராதியும் செய்தார். இவர்கள் யாவரும் மதுரை மிஷனைச் சார்ந்தவர்களே. மிஷனின் பெயர்தான் மதுரையே தவிர, அதன் உயிரோட்டம் மறவர் நாட்டிலும், கொள்ளிடக் கரையிலும், திருச்சிராப்பள்ளியைச் சுற்றிய ஊர்களிலுமே பெருகி ஓடிற்று. 1759இல் போர்த்துக்கல் நாட்டார் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து சேசு சபையாரை வெளியேற்றினர். 1773இல் திருத்தந்தையே அச்சபையைக் கலைத்தார். புதிய குருக்கள் வருவது நின்றது. ஊர்தோறும் உபதேசியார்களே ஞானஸ்நானம் கொடுத்து, செபஞ்சொல்லி, இறந்தோரைப் புதைத்து மக்களைக் காத்துவந்தனர். அவர்கள் பெயர்கள் வரலாற்று நூல்களில் மிகுதியாக இடம்பெறவில்லை. ஆயினும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த விளக்கை அணையாது காத்தவர்கள் அவர்கள்தாம்.

1814இல் சேசு சபை மீண்டும் உயிர்பெற்றது. 1837இல் அந்நால்வரும் வந்தபோது பழைய கோயில்கள் பலவற்றில் கோவாவைச் சார்ந்த குருக்கள் இருந்தனர். தென்னாட்டுக் கோயில்கள் போர்த்துக்கல் அரசரின் பாதுகாப்புக்கு உரியனவா, உரோமாபுரியின் நேரடி ஆணைக்கு உரியனவா என்னும் வழக்கு அப்போது மூண்டிருந்தது. 1886இல்தான் அதற்கு ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஆகவே புதிதாக வந்தவர்கள் பல ஊர்களில் புதிதாகவே தொடங்கவேண்டியிருந்தது. மதுரையில் மதில் இடிந்து புதுநிலம் திறந்துகொண்டிருந்த வேளையாக அது அமைந்தது. இவ்வாறுதான் கீழவெளி வீதிக் கோயில் பிறந்தது.

வெளி வீதிகளை நாடியவர் இவர்கள் மட்டுமல்லர். அமெரிக்கப் பாதிரிமார் 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து, பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் தொடங்கினர். பெண்களுக்கெனப் பள்ளி நடத்தியதில் அவர்கள் முன்னோடிகள். அவர்கள் வழிவந்த கிறிஸ்தவ மிஷன் மருத்துவமனை கீழவெளி வீதியிலேயே உள்ளது. வடக்கு வெளி வீதியிலோ தூய ஜார்ஜ் ஆலயம். 1812 முதல் 1828 வரை ஆட்சித் தலைவராயிருந்த ரவுஸ் பீட்டரின் கல்லறை அங்கே உள்ளது. மக்கள் அவரைப் ‘பீட்டர் பாண்டியன்’ என்று அழைத்தனர். கிறிஸ்தவராயிருந்தும் அவர் மீனாட்சியம்மனுக்கு மணியிழைத்த பொற்பாதுகம் செய்தளித்தார். அம்மன் குதிரை வாகனத்தில் எழுந்தருளும்போது இன்றும் அதனை அணிவிப்பர். கோட்டைக்குள் நெடுங்காலமாக இடம் நிறைந்திருந்தது. பிந்தி வந்தவர்க்குக் கிடைத்தது வெளி. மதுரையின் வரைபடத்தை விரித்துப் பார்ப்பவர், பழைய கிறிஸ்தவ நிலையங்களிற் பல வெளி வீதிகளை ஒட்டியே அமைந்திருப்பதைக் காணலாம்.

கார்னியே எழுப்பிய சிறு கோயில் காலப்போக்கிற் பெருங்கோயிலாயிற்று. 1938இல் திருச்சிராப்பள்ளியினின்று பிரிந்து மதுரைக்கெனத் தனி மறைமாவட்டம் ஏற்பட்டது. பிரான்சு நாட்டவராகிய லெயோனார் ஆண்டகை அதன் முதல் ஆயர். 1953இல் அது உயர்மறைமாவட்டமாயிற்று. இன்று கீழவெளி வீதிக் கோயில் அவ்வுயர்மறைமாவட்டத்தின் பேராலயம். அதனருகே புனித மரியன்னை மேல்நிலைப்பள்ளி. இந்தப் பள்ளியின் பிள்ளைகள் யார் என்று பார்த்தால் அந்தப் பகுதி யாருடையது என்பது விளங்கும்.

கோயிலுக்கு வடமேற்கே சிறிது தொலைவில் திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. மகாலைச் சுற்றிய தெருக்களில் நெசவுத்தொழில் புரியும் சௌராட்டிரர் நெடுங்காலமாக வாழ்கின்றனர். வீட்டில் சௌராட்டிர மொழியும் கடையில் தமிழும் பேசுவர். துணியிற் சிறு சிறு முடிச்சிட்டுச் சாயந் தோய்க்கும் சுங்கடிச் சேலை அவர்கள் கைத்திறன். மேற்கே காசிமார் தெருவில் பழமையான பள்ளிவாசல். கிழக்கே முனிச்சாலை; அதற்கப்பால் வண்டியூர்த் தெப்பக்குளம். கிறிஸ்தவர் மட்டும் வாழும் சேரியோ குப்பமோ கோயிலைச் சுற்றி இல்லை. சிற்றூர்களில் கோயிலைச் சுற்றி அதன் மக்களே வாழ்வர். மணியோசை கேட்கும் எல்லையே ஊரின் எல்லை. இங்கோ, மணியோசை கேட்போரிற் பெரும்பாலோர் பிற சமயத்தார். அவர்கள் அதனை நேரம் அறியக் கேட்கின்றனர். பள்ளியில் சௌராட்டிரப் பிள்ளையும் இசுலாமியப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் ஒரே பெஞ்சியில் அமர்ந்து படிக்கின்றனர். நகர்நடுவிலுள்ள கோயிலின் வாழ்வு இத்தகையது. அது தன்னுடைய மக்களுக்கு மட்டும் உரியதாக இருக்க முடியாது.

கோயிலின் மக்களோ, சுற்றுப்புறச் சமவெளியிலிருந்து வந்தவர்கள். 1875இல் இருப்புப்பாதை மதுரையை எட்டியது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் உழவர் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். நூற்றாண்டின் இறுதியில் ஹார்வி நூற்பாலை எழுந்தபோது கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. சிவகங்கைச் சீமையிலிருந்தும், இராமநாதபுரத்துக் கரிசல் ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தனர். ஆலைத் தொழிலாளர் மிகுந்த மேற்குப் புறத்தில் ஞானஒளிவுபுரம் வளர்ந்தது. ஆனாலும் சொந்த ஊரின் பற்று விடவில்லை. வைகைக் கரையிலுள்ள இடைக்காட்டூரில் 1894இல் பெர்தினாந்து செல் என்னும் பாதிரியார், பிரான்சு நாட்டு ரேம்சு நகரத்துப் பேராலயத்தை மனத்திற்கொண்டு ஒரு கோயில் கட்டினார். வயலும் பனையும் சூழ்ந்த இடத்தில் அந்த ஊசிக் கோபுரங்களைக் காண்பவர் முதலில் திகைப்பர். விழாக் காலத்தில் நகரத்துக் குடும்பங்கள் இத்தகைய ஊர்களுக்குத் திரும்பிச் செல்வதும், ஊரார் நோயென்றும் படிப்பென்றும் நகரத்துக்கு வருவதும் இன்றளவும் நடக்கின்றன.

ஊரிலிருந்து வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு சாதியையும் கொண்டுவந்தனர். இதனை மூடி மறைத்துப் பயனில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் இந்தச் சாதிக்கு இந்தப் பக்கம் என்று இடம் பிரித்திருந்தனர். கல்லறைத் தோட்டத்திலும் பிரிவு இருந்தது. இதன் முழு வடிவத்தை அக்காலத்து மதுரை மிஷனின் தென்கோடியான வடக்கன்குளத்திற் கண்டனர். அங்கே 1872இல் கட்டிய கோயில் இரு கால்களாகப் பிரிந்து, பீடத்தில் மட்டும் ஒன்றுகூடும். ஒரு காலில் ஒரு சாராரும் மற்றொரு காலில் மற்றொரு சாராரும் நின்று வழிபடவும், ஒருவரையொருவர் காணாதிருக்கவும் வேண்டியே அவ்வாறு கட்டினர். அதனைக் ‘கால்சட்டைக் கோயில்’ என்று வேடிக்கையாய் அழைப்பதுண்டு. 1910ஆம் ஆண்டளவில் நடுச்சுவர் இடிக்கப்பட்டது. உரிமை பறிபோயிற்றென்று ஒரு சாரார் வழக்கிட்டனர். சென்னை உயர்நீதிமன்றம், தேவாலயத்தில் சாதியின் பேரால் தனியிடம் கேட்க உரிமையில்லை என்று தீர்ப்பளித்தது. கிரகோரியார் இரந்து வேண்டிய 1623க்கும் நீதிமன்றம் ஆணையிட்ட ஆண்டுக்கும் இடையே ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள். மதுரைக் கோட்டை மதிலை இடிக்கச் சில ஆண்டுகளே ஆயின. அதற்கு மனையாசை உதவிற்று. இந்தச் சுவர்களை இடிப்போர்க்கு மனை கிடைப்பதில்லை. இடித்தது போதுமா என்று கேட்டால், தலித்து கிறிஸ்தவர்கள் இன்றும் ‘போதாது’ என்றே விடை கூறுகின்றனர். அவர்கள் கூற்றை மறுக்க என்னால் இயலாது.

இனி, அக்கோயில் ஏற்றுக்கொண்ட பெயரைப் பார்ப்போம். வியாகுலம் என்றால் துயரம். மரியன்னைக்கு ஏழு வியாகுலங்கள் என்று கத்தோலிக்க மரபு எண்ணும். குழந்தையைக் கோயிலில் ஒப்புக்கொடுத்தபோது முதியவர் சிமியோன் உரைத்த துன்பச் சொல், எகிப்துக்கு ஓடியது, பன்னிரண்டு வயதுச் சிறுவனை எருசலேமிற் காணாது தேடியது, சிலுவை சுமந்து செல்லும் மகனை வழியிற் கண்டது, சிலுவையடியில் நின்றது, இறந்த உடலை மடியில் ஏந்தியது, கல்லறையில் வைத்தது. செப்டம்பர் 15 அவ்வன்னையின் விழா. மதுரை, அன்னையின் திருமணத்தைக் கொண்டாடும் நகரம். சித்திரைத் திங்களில் மீனாட்சி திருக்கல்யாணத்துக்கு நாடே திரள்கிறது. அந்த நகரின் புற வீதியில், மகனை இழந்த அன்னைக்கு ஒரு கோயில். பஞ்சத்தையும் காய்ச்சலையும் கண்டு பிழைக்க வந்த ஏழைத் தாயர்க்கு எந்த அன்னையின் கதை எளிதில் விளங்கியிருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மெழுகுவத்தியோடு அங்கே வரும் பெண்களுள் கிறிஸ்தவர் அல்லாதாரும் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியது. அதுவரை பூசையில் குருவின் மொழி இலத்தீன். மக்கள் பாடியது தமிழ். சங்கத்தின் பின்னர் பூசை முழுவதும் தமிழிலாயிற்று. பீடத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி மெல்லிய குரலில் ஓதிய குருவானவர், மக்கள் பக்கம் திரும்பித் தமிழிற் பேசலானார். அன்று வயதானவர்கள் சிலர் இலத்தீன் போயிற்றே என வருந்தியதுண்டு. நொபிலி இருந்திருப்பின் வருந்தியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மாணவர்கள் மதுரைக்குச் செல்லும்போது, பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே பழைய கோட்டைக் கொத்தளம் ஒன்று எஞ்சி நிற்பதை முதலிற் பாருங்கள். இடிபட்டவற்றுள் தப்பியது அது. பின்னர் அங்கிருந்து கிழக்கே பேருந்தேறுங்கள். நடத்துனர் ‘கீழவாசல்’ என்று குரல் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் அங்கே வாசல் எதுவும் இராது. கடைகளும் வண்டிகளும் சனநெருக்கமுமே இருக்கும். வாசல் போய் நூற்றெண்பது ஆண்டுகளாகின்றன. தெற்கே திரும்பிச் சற்று நடந்தால் இரட்டைக் கோபுரங்கள் தெரியும்.